இருபது மீட்டர் கம்பி

கம்பியில் ஓடும் மின்சாரத்தை வெளியில் பரவும் அலையாக மாற்றுவதும், வெளியிலிருந்து வந்து சேரும் அலையைத் திரும்ப மின்சாரமாக்கித் தருவதும் ஆன்டெனாவின் வேலை. வால்வு ரேடியோ காலத்தில் இதையே ஏரியல் என்றார்கள். வீட்டு உச்சியில் செம்பு வலை நாடாவை இழுத்துக் கட்டி இலங்கை வானொலி கேட்டவர்கள் இன்றும் அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள். கேட்பதற்கு மட்டும் என்றால் எந்த நீளக் கம்பியும் ஓரளவுக்கு உதவும். அலையை அனுப்புவதற்கு அது போதாது. கம்பியின் நீளம் கணக்காக இருக்க வேண்டும். பொழுதுபோக்காக அலை அனுப்பிப் பேசும் ஹாம் ரேடியோவுக்குப் புதிதாக வருபவர் இந்த நீளக் கணக்கைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். கம்பியை எவ்வளவு உயரத்தில், எதற்குப் பக்கத்தில் கட்டுவது என்பது பிடிபடத்தான் நாளாகும்.

ஒரே திசையில் சீராக ஓடும் மின்னோட்டம் தன்னைச் சுற்றிக் காந்தப்புலம் ஒன்றை உண்டாக்கும். அந்தப் புலம் அசையாமல் கிடக்கும். மின்னோட்டம் முன்னும் பின்னுமாகத் திசை மாறினால் புலமும் கூடவே மாற வேண்டும். ஆனால் மாற்றம் எதுவும் ஒளியின் வேகத்தைத் தாண்டிப் பரவ முடியாது. தள்ளியிருக்கும் புலத்துக்குத் தகவல் போய்ச் சேர்வதற்குள் கம்பியில் மின்னோட்டம் மறுபடி திரும்பிவிடுகிறது. அப்படித் தாமதப்பட்ட புலத்தின் ஆற்றலில் ஒரு பகுதி கம்பிக்குத் திரும்பாமல் அலையாகப் பிரிந்து போய்விடுகிறது. வீட்டு மின்சாரமும் நொடிக்கு 50 சுற்று திசை மாறுவதுதான். ஆனால் அதன் அலைநீளம் 6,000 கிலோமீட்டர். அதன் முன்னால் வீட்டு ஒயரிங்கின் நீளம் ஒரு பொருட்டே அல்ல. எனவே அதிலிருந்து அலை கிளம்புவதில்லை என்றே சொல்லிவிடலாம். அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க நீளம் இருந்தால்தான் கம்பி நன்றாக அலை பரப்பும்.

இதை முதலில் செய்து காட்டியவர் ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹ நகரில், 1887, 1888 ஆண்டுகளில், இரண்டு கம்பிகளை நேர்க்கோட்டில் வைத்து, நடுவில் சிறு இடைவெளி விட்டு, அதில் தீப்பொறி பறக்கவிட்டார். தள்ளி வைத்திருந்த வளையத்தின் இடைவெளியிலும் சின்னப் பொறி தெரிந்தது. அந்த இரட்டைக் கம்பி அமைப்புதான் இன்றைய டைபோல். ஹெர்ட்ஸுக்குப் பிறகு ஆயிரம் வகை ஆன்டெனாக்கள் வந்துவிட்டன. இருந்தாலும் கற்கத் தொடங்குபவர் முதலில் கட்ட வேண்டியது டைபோல்தான். மற்றவற்றில் பலவும் அதன் உருமாற்றங்கள்.

இந்தியாவில் புதியவர்கள் அதிகம் கூடும் இடங்களில் ஒன்று 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பேண்ட். 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அது 42 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். 40 மீட்டர் பேண்ட் என்று வட்டமாகச் சொல்வது இதைத்தான். டைபோலுக்கு வேண்டியது அதில் பாதி. மின்னோட்டம் ஒரு திசையில் ஓடி மறு திசைக்குத் திரும்பும் நேரத்தில் அலை கடக்கும் தூரம் அது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சிறு தள்ளலிலேயே உயரப் போவதுபோல, இந்த நீளத்தில் ஒவ்வொரு தள்ளலும் முந்தையதோடு சேர்ந்துகொள்கிறது. ஒத்ததிர்வு என்பது இதுவே.

கணக்குப்படி பாதி அலைநீளம் 21.1 மீட்டர். ஆனால் கம்பிக்குத் தடிமன் உண்டு. நுனியில் கட்டும் இன்சுலேட்டரின் பாதிப்பும் சேரும். ஆகவே நடைமுறையில் ஏறக்குறைய ஐந்து சதவீதம் குறைத்து வெட்ட வேண்டும். 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுக்கும் வாய்பாடு இந்தக் கழிவையும் சேர்த்ததே. 7.1க்கு 20.1 மீட்டர் வரும். நடுவில் வெட்டினால் பக்கத்துக்குப் பத்து மீட்டரும் கொஞ்சமும். இந்த ‘இருபது மீட்டர்’ கம்பி, 40 மீட்டர் பேண்டுக்கு உரியது என்பதில் புதியவர்கள் தடுமாறுவது வழக்கம். 20 மீட்டர் பேண்ட் என்றால் 14 மெகாஹெர்ட்ஸ். அதன் டைபோல் பத்து மீட்டர்தான்.

வாய்பாட்டு நீளத்துக்கே கம்பியை வெட்டிவிடுவது தவறு. வெட்டியதை நீட்ட முடியாது. தையற்காரர் துணியில் விடும் தையல் இடம்போல இங்கேயும் கொஞ்சம் மிச்சம் விட வேண்டும். மொத்தம் 20.6 மீட்டருக்குக் கம்பி எடுத்து, கட்டவேண்டிய இடத்தில், கட்டவேண்டிய உயரத்திலேயே கட்டி, அளவுக் கருவியை வைத்துப் பார்த்தால் ஒத்ததிர்வு 6.9 மெகாஹெர்ட்ஸில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20.6ஐ 6.9ஆல் பெருக்கி 7.1ஆல் வகுத்தால் 20.02 வருகிறது. குறைக்க வேண்டியது 58 சென்டிமீட்டர், பக்கத்துக்கு 29. அதையும் வெட்டத் தேவையில்லை. நுனியை மடக்கிக் கம்பியோடு நெருக்கி முறுக்கிவிட்டால் போதும், மின்சாரத்தைப் பொறுத்தவரை கம்பி குட்டையாகிவிட்டது. உறை போட்ட வீட்டு ஒயரிங் கம்பியைப் பயன்படுத்தினால் ஒத்ததிர்வு இன்னும் சில சதவீதம் கீழே இறங்கும். மடக்கவேண்டிய நீளமும் கூடும். அளந்து மடக்குவதற்கு இரண்டு மூன்று முறை மாடி ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

டைபோலின் எல்லா இடமும் ஒன்றல்ல. நடுவில் மின்னோட்டம் மிக அதிகம், அழுத்தம் மிகக் குறைவு. நுனியில் நேர்மாறு: மின்னோட்டம் போக இடமில்லாமல் பூஜ்யமாகிறது, அழுத்தம் உச்சத்துக்கு ஏறுகிறது. 100 வாட் அனுப்பும்போது நடுவில் ஓடுவது ஓர் ஆம்பியருக்குச் சற்று மேல்தான்; நுனியிலோ அழுத்தம் பல நூறு வோல்ட்டைத் தாண்டிவிடும். நுனியில் நல்ல இன்சுலேட்டர் வேண்டும் என்பதற்கும், அது கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் இதுவே. தொட்டால் தோல் சுட்டுவிடும். அலை கிளம்புவது பெரும்பாலும் மின்னோட்டம் மிகுந்த நடுப்பகுதியில் இருந்துதான். எனவே இடம் போதாத மாடியில் நுனிகளை மடக்கித் தொங்கவிடலாம். அதனால் இழப்பு அதிகமில்லை. நடுப்பகுதியைத் தண்ணீர்த் தொட்டிக்கும் தகரக் கொட்டகைக்கும் பக்கத்தில் தாழ்த்திக் கட்டினால்தான் இழப்பு.

திறந்தவெளியில் டைபோலின் நடுவில் தெரியும் மின்மறுப்பு 73 ஓம். ரேடியோக் கருவிகளும் அவற்றோடு இணைக்கும் கோஆக்ஸ் கேபிளும் 50 ஓமுக்கு ஆனவை. இரண்டும் ஒத்துப்போகாத அளவுக்கு, அனுப்பிய ஆற்றலில் ஒரு பகுதி ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும். போகும் அலையும் திரும்பும் அலையும் சேர்ந்து கேபிளில் உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தின் விகிதமே எஸ்.டபிள்யூ.ஆர். அது 1.5 என்றால் திரும்புவது 4 சதவீதம். 2 என்றால் 11. 3 என்றால் 25. ஒன்றரைக்கும் ஒன்றேகாலுக்கும் உள்ள வித்தியாசத்தை எதிர்முனையில் கேட்பவரால் கண்டுபிடிக்கவே முடியாது. இரண்டைத் தாண்டினால் கருவி தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைத்துவிடும் என்பதால் அதற்குள் வைத்துக்கொண்டால் போதும்.

இந்த எண்ணைக் கண்டு புதியவர்கள் ஏமாறும் அளவுக்கு வேறு எதிலும் ஏமாறுவதில்லை. சோதனைக்கு வைத்திருக்கும் டம்மி லோட் என்பது ஒரு டப்பாவுக்குள் அடைத்த 50 ஓம் மின்தடை. அதன் எஸ்.டபிள்யூ.ஆர். ஒன்றுக்கு ஒன்று; இதற்குமேல் சிறப்பாக இருக்க வழியில்லை. ஆனால் அதிலிருந்து பக்கத்துத் தெருவுக்குக்கூட அலை போகாது. வாங்கிய ஆற்றல் முழுதையும் சூடாக்கித் தீர்த்துவிடும். நீளமான மலிவுக் கேபிளும் இதே வேலையைப் பாதியளவில் செய்யும். போகும் அலை வழியில் தேய்ந்து, திரும்பும் அலை மறுபடி தேய்ந்து, மீட்டருக்கு வந்து சேர்வது சொற்பமாக இருப்பதால் முள் அழகாகத் தாழ்ந்து நிற்கும். நல்ல எண் கிடைத்ததென்று மகிழ்பவர் உண்மையில் கேபிளைச் சூடாக்கிக்கொண்டிருப்பார். நானோ-விஎன்ஏ போன்ற கைக்கடக்கமான அளவுக் கருவிகள் மலிந்த பிறகு இந்த மயக்கம் கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை. அவை ஒத்ததிர்வு எங்கே இருக்கிறது என்பதைத் துல்லியமாகச் சொல்லும். அலை போகிறதா என்று அவற்றுக்குத் தெரியாது.

மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 15 மீட்டர் இருந்தால் 7 மெகாஹெர்ட்ஸில் போவது எட்டில் ஒரு பங்கு, பொருட்படுத்த வேண்டாம். அதே 15 மீட்டர் 145 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறையப் பாதியை விழுங்கிவிடும். அங்கே தடித்த ஆர்ஜி-213க்குச் செலவழிப்பது வீணல்ல. கேபிள் தொடர்பாக இன்னொன்று. டைபோலின் இரண்டு கைகளும் சமம். கோஆக்ஸின் உள்கம்பியும் வெளிவலையும் சமமல்ல. இந்தப் பொருந்தாமையால் மின்னோட்டத்தில் கொஞ்சம் வெளிவலையின் மேற்பரப்பு வழியாக வீட்டுக்குள் வழிந்து இறங்கும். மைக்கைத் தொட்டால் சுருக்கென்று கடிக்கும், கணினி ஸ்பீக்கரில் பேச்சுக் குழறும். இதைத் தடுக்கத்தான் இணைப்பிடத்தில் பாலன் வைப்பது. ஃபெரைட் வளையத்தில் கேபிளைச் சில சுற்று சுற்றிக் கட்டினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். மழைநீர் புகாதபடி அந்த இணைப்பைச் சுற்றி ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்ற வேண்டும். கேபிளுக்குள் ஒருமுறை நீர் இறங்கினால் அதைக் காயவைத்துப் பயன் இல்லை. மாற்றித்தான் ஆக வேண்டும்.

உயரத்துக்கு வரலாம். தரையில் பட்டுத் திரும்பும் அலையும் நேரே போகும் அலையும் சேர்வதைப் பொறுத்தே ஆன்டெனா எந்தக் கோணத்தில் ஆற்றலை வீசுகிறது என்பது அமையும். டைபோல் தரையிலிருந்து அரை அலைநீள உயரத்தில் இருந்தால் பெருவீச்சு தொடுவானத்திலிருந்து 30 பாகை அளவில் கிளம்பும். வெளிநாடுகளை எட்ட அதுவே தேவை. 40 மீட்டர் பேண்டில் அரை அலைநீளம் என்றால் தரைக்கு மேல் 21 மீட்டர். அதாவது ஆறேழு மாடி. சாதாரண வீட்டு மாடியில் கம்பம் நட்டால் கிடைப்பது பத்து மீட்டர், கால் அலைநீளம். அந்த உயரத்தில் ஆற்றலின் பெரும்பங்கு நேர் மேலே போகிறது.

இதைக் குறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. மேலே போன அலை 250 கிலோமீட்டருக்கு மேலுள்ள அயனி மண்டல அடுக்கில் மோதி, குடை விரித்ததுபோலச் சுற்றிலும் இறங்குகிறது. பகலில் சென்னையிலிருந்து மதுரையோடும் கோயம்புத்தூரோடும் பேச இதைவிட வசதி கிடையாது. வான்வழி தூரம் 400, 450 கிலோமீட்டர் உள்ள ஊர்கள் இவை. தொடுவானத்தை நோக்கிப் பாயும் உயரமான ஆன்டெனா இவற்றைத் தாண்டிக் குதித்து அப்பால் போய் விழும். உள்ளூர் ஹாம்கள் கூடிப் பேசும் வலைகளில் மாடி மேல் கட்டிய தாழ்ந்த டைபோல்கள் நன்றாக எடுபடுவதன் ரகசியம் இது. பின்னிரவில் அந்த அடுக்கு மெலியும்போது செங்குத்தாக வரும் 7 மெகாஹெர்ட்ஸ் அலையை அதனால் திருப்ப முடியாமல் போகலாம். அப்போது பக்கத்து ஊர்கள் மறைந்து, தூரத்து நிலையங்கள் கேட்கத் தொடங்கும். ஆன்டெனாவில் பழுது என்று அந்த நேரத்தில் மாடி ஏறத் தேவையில்லை. இவ்வளவு தாழ்வான டைபோல் எல்லாத் திசையிலும் ஏறக்குறையச் சமமாகவே வீசும் என்பதால் வடக்கு தெற்கா, கிழக்கு மேற்கா என்ற விவாதமும் வேண்டாம். மாடி எப்படி நீண்டிருக்கிறதோ அப்படிக் கட்டலாம்.

இரண்டு கம்பத்துக்கு இடமில்லாதவர்கள் நடுவில் மட்டும் ஒரு ஜி.ஐ. பைப்பை நட்டு, இரண்டு கைகளையும் ஓட்டுக் கூரைபோலச் சரித்துக் கட்டுகிறார்கள். சரிவால் 73 ஓம் குறைந்து 50ஐ நெருங்குவது கூடுதல் லாபம். தென்னையில் கட்டுவதென்றால் காற்றில் மரம் ஆடும் ஆட்டத்துக்குக் கம்பி அறுந்துவிடும்; கயிற்றைக் கப்பியில் போட்டு மறுநுனியில் செங்கல்லைத் தொங்கவிட்டால் கம்பி தானே இறுகியும் தளர்ந்தும் கொடுக்கும்.

படுத்த டைபோலை நிமிர்த்தி, கீழ்ப்பாதியை எடுத்துவிட்டு, அந்த இடத்துக்குத் தரையை வைத்தால் கால் அலைநீளச் செங்குத்து ஆன்டெனா. 1895இல் மார்க்கோனி தன் தந்தையின் பண்ணையில், ஒரு முனையை உயர்த்தி மறுமுனையை மண்ணில் புதைத்தபோதுதான் அலை குன்றைத் தாண்டிப் போயிற்று. ஆனால் மண் நல்ல கடத்தி அல்ல. செங்குத்துக் கம்பிக்கு அடியில் விரித்துப் போடும் ரேடியல் கம்பிகளே காணாமற்போன பாதியின் வேலையைச் செய்கின்றன. ரேடியல் இல்லாமல் நிறுத்திய கம்பத்தின் ஆற்றலில் பெரும்பகுதி மண்ணைச் சூடாக்கும். செங்குத்து ஆன்டெனாவில் எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், சார்ஜர் இவற்றின் இரைச்சலும் டைபோலைவிட அதிகம் ஏறும். நகரத்து வீடுகளில் இது பெரிய தலைவலி.

145 மெகாஹெர்ட்ஸில் இதே அமைப்பு சிறு கைவினையாகிவிடுகிறது. எஸ்ஓ-239 சாக்கெட்டின் நடு ஊசியில் 49 சென்டிமீட்டர் செம்புக் கம்பியை நிமிர்த்திப் பற்றவைக்க வேண்டும். சாக்கெட்டின் நான்கு மூலைத் துளைகளிலும் 51 சென்டிமீட்டர் கம்பிகள் நான்கை நட்டு போட்டு இறுக்கி, அவற்றைக் கீழ்நோக்கி 45 பாகை வளைக்க வேண்டும். நேராக விரித்திருந்தால் 36 ஓம்; வளைக்க வளைக்க 50க்கு ஏறும். கடைச் செலவு ஒரு சாப்பாட்டு விலைக்குள் அடங்கும். கைக்கருவியோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனாவுக்குப் பதில் இதை மாடியில் வைத்தால் அலையை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர், முன்பு எட்டாதது, எட்டும். இந்த அலைவரிசையில் நிற்கும் ஆன்டெனா நிற்பதோடும், படுத்தது படுத்ததோடும்தான் பேச வேண்டும். ஒன்று நின்று ஒன்று படுத்திருந்தால் வந்து சேரும் ஆற்றல் நூறில் ஒன்றாகக் குறையலாம். அயனி மண்டலம் வழியாக வரும் அலையில் இந்தத் தளம் எப்படியும் குழம்பிவிடுவதால் 7 மெகாஹெர்ட்ஸில் இதைப் பற்றிக் கவலை இல்லை.

ஒரே திசையில் தூரம் போகவேண்டுமென்றால் யாகி. டைபோலுக்குப் பின்னால் சற்று நீளமான குழாய் ஒன்று, முன்னால் சற்றுக் குட்டையானவை; இவற்றுக்குக் கேபிள் இணைப்பே கிடையாது. டைபோலின் அலை இவற்றில் மின்னோட்டத்தைத் தூண்ட, அவை திரும்பப் பரப்பும் அலை பின்பக்கத்தை அழித்து முன்பக்கத்தைப் பெருக்குகிறது. மூன்று குழாய் யாகி, டைபோலைப்போல மூன்று நான்கு மடங்கு ஆற்றலை முன்னே வீசும். புதிதாக ஆற்றலை உண்டாக்குவதில்லை. பின்னால் போவதை எடுத்து முன்னால் கொடுக்கிறது, அவ்வளவே. ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் 1926இல் இதை வெளிப்படுத்தியவர் ஷின்தாரோ ஊதா; பெயரைத் தட்டிச் சென்றவர் அவருடைய பேராசிரியர் ஹிதேத்ஸுகு யாகி. ஜப்பானியர்கள் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1942இல் சிங்கப்பூரைப் பிடித்தபோது பிரிட்டிஷ் ரேடார் குறிப்புகளில் ‘யாகி’ என்ற சொல்லைக் கண்டு அது என்னவென்று புரியாமல் விழித்தார்கள்; அது உங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயர் என்று ஒரு போர்க்கைதி சொல்ல வேண்டியிருந்தது. தென்மாவட்டங்களில் ரூபவாகினி தொலைக்காட்சிக்காக இலங்கைப் பக்கம் திருப்பி வைத்த மீன்முள் ஆன்டெனாக்களும் யாகிதான். கையில் பிடித்த சிறு யாகியோடு மாடியில் நின்று அதை வானத்தில் மெல்லத் திருப்பியே, 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஹாம்சாட் செயற்கைக்கோள் வழியாக இந்திய ஹாம்கள் பேசினார்கள்.

ஹாம் உரிமத்துக்கான தேர்வில் ஆன்டெனாப் பகுதியும் உண்டு. ஆனால் இந்தப் பாடத்தின் ஆபத்தான பக்கம் இருப்பது மாடியில். ஐப்பசி கார்த்திகையில் இடி தொடங்கினால் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். கம்பத்துக்குத் தனி எர்த் வேண்டும். இடியைவிட அடிக்கடி உயிர் வாங்குவது தெருவில் போகும் மின்கம்பி. தூக்கி நிறுத்தும்போது கை நழுவிய ஜி.ஐ. பைப் எந்தப் பக்கமும் சாயும். எறிந்த கயிறு எங்கும் போய் விழும். கம்பத்தின் உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் மின்கம்பி இருக்கக் கூடாது. ஒன்பது மீட்டர் கம்பத்துக்கு இது பதிமூன்றரை மீட்டர். தெருப்பக்கம் அவ்வளவு இடம் இல்லையென்றால் கம்பத்தைக் கொல்லைப் பக்கம் நடுங்கள். அங்கும் இல்லையென்றால் குட்டையான கம்பம் போதும்.